உடலை உறுதியாக்குதல்: ஃபாக்ஸ் மஸ்டாங்கும் இணைப்புச் சட்டங்களும்

ஃபோர்டு நிறுவனத்தார் 1979 முதல் 1993 வரையில், மேல் தோற்றத்தில் அவ்வப்போது சில மாறுதல்களைச் செய்தாலும் அடித்தளத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு கட்டி வந்த மஸ்டாங் கார்களுக்கு, அந்த அடித்தளத்தின் பெயரைக் கொண்டே ஃபாக்ஸ் மஸ்டாங் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவ்வடித்தளம் முதன்முதலில் சுமந்தது பந்தயக் குணமுள்ள காரை அன்று. 1978-ஆம் ஆண்டு மாடலாக வந்த ஃபேர்மான்ட் என்னும் சாதுவான குடும்பக் காரைத்தான். பெட்ரோல் விலை ஏறி, வண்டியின் எடையைக் குறைப்பதே பெரும் புத்திசாலித்தனமாகக் கருதப்பட்ட காலத்தில் வரையப்பட்டதாகையால், தகடு எங்கெல்லாம் மெல்லியதாக இருக்கலாமோ அங்கெல்லாம் மெல்லியதாகவே வைக்கப்பட்டது. பின்னர் அதே அடித்தளத்தின்மேல், 1987-ஆம் ஆண்டில் 225 குதிரை சக்தியும் 300 பவுண்டு-அடி திருகு விசையும் உடையதாகக் குறிக்கப்பட்ட ஐந்து லிட்டர் வி-8 எஞ்சினை ஏற்றியபோது, எஞ்சின் வலுத்ததே தவிர, அதைத் தாங்கிய உடல் அதற்கேற்ப வலுக்கவில்லை. இந்த அத்தியாயம் அந்தக் குறையை ஓரளவு நீக்கும் உபாயத்தைப் பற்றியது.

இந்தக் காருக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. லாரிகளில் காண்பதுபோல, முன்கோடியிலிருந்து பின்கோடி வரை ஓடும் இரண்டு கனத்த சட்டங்களின்மேல் உடலை ஏற்றி போல்ட்டால் முடுக்கும் முறை இங்கே இல்லை; தகட்டை மடித்துப் பெட்டிகளாக்கி, அவற்றை நூற்றுக்கணக்கான இடங்களில் ஸ்பாட் வெல்டிங் செய்து, உடலே சேஸிஸின் வேலையையும் செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்கும் முன் சட்டங்கள் இரண்டும், எஞ்சின் அறையைக் கடந்து தரைத் தகட்டின் அடியே நுழைந்து, முன் இருக்கைகளின் கீழே ஓரிடத்தில் முடிந்துபோகின்றன. பின் ஆக்ஸிலைத் தாங்கும் பின் சட்டங்களோ, பின் இருக்கையின் அருகே புதிதாகத் தொடங்குகின்றன. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே உள்ள 2.55 மீட்டர் தூரத்தில், வளைவும் முறுக்கமும் மிகுதியாக வந்து சேரும் நடுப்பகுதியில், அந்த இரு ஜோடிச் சட்டங்களுக்கும் நேரான தொடர்பு ஒன்றுமில்லை. தரைத் தகடும், கதவுகளின் அடியில் ஓடும் பெட்டி வடிவான விளிம்புகளும், கார்டன் ஷாஃப்ட் செல்லும் நடுச் சுரங்கமும், மேலே கூரையுமே அந்தச் சுமையை எப்படியோ பங்கிட்டுக்கொள்கின்றன. விட்டுப்போன அந்த இடத்தை நிரப்பி, முன் சட்டத்தின் வாலைப் பின் சட்டத்தின் தலையோடு பிணைக்கும் எஃகுக் குழாயே சப்ஃபிரேம் கனெக்டர் என்று கடைகளில் விற்கப்படுவது. இங்கே அதை இணைப்புச் சட்டம் என்றே வழங்குவோம்.

கூரை செய்யும் உதவி எத்தகையது என்பதை ஒரு தீப்பெட்டியைக் கொண்டு அறியலாம். குச்சிகள் கிடக்கும் உள்தட்டை மட்டும் உருவி இரு கோடிகளையும் எதிரெதிராகத் திருகினால் அது மறுப்பின்றிச் சுழன்றுகொடுக்கும். மேலுறைக்குள் செருகிவிட்டுத் திருகினாலோ விரல்தான் வலிக்கும். பின் கண்ணாடியின் கீழே நிலையான தகடும் தனி டிக்கியும் உடைய கூப்பே, இந்தக் குடும்பத்திலேயே உறுதி மிக்கது. பின்புறம் முழுவதும் கதவாகத் திறக்கும் ஹாட்ச்பேக் அதற்கு அடுத்தது. 1981 முதல் 1988 வரை கிடைத்த, கூரையில் இரண்டு கண்ணாடிப் பலகைகளைக் கழற்றி எடுக்கும்படியான டி-டாப் வகை அதற்கும் கீழே நிற்கிறது. 1983-இல் மீண்டும் வந்த கன்வெர்ட்டிபிள், நிறுவனத்தாரே அடியில் சில வலுவூட்டல்களைச் சேர்த்து அனுப்பியும்கூட, எல்லாவற்றிலும் தளர்ந்தது. கூரையில்லாத கார்களின் நடுக்கம் அக்காலத்துப் பொறியாளர்களை எவ்வளவு தொல்லைப்படுத்தியது என்பதற்கு வேறொரு கம்பெனியின் உதாரணமும் உண்டு: 1967-இல் வெளிவந்த செவ்ரலே கமாரோ கன்வெர்ட்டிபிளில், உடலின் அதிர்வை அடக்குவதற்காகவே நான்கு மூலைகளிலும் கனமான எடைகளைப் பொருத்தி அனுப்பினார்கள். தளர்ச்சியை நீக்காமல் தளர்ச்சியின் ஓசையை மட்டும் நீக்கும் வைத்தியம் அது.

உடல் உறுதியானால் கார் வேகமாக ஓடுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓடாது; குழாய்களின் எடை கூடுவதால் அணுவளவு மெதுவாகத்தான் ஓடும். ஆனால் ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் எந்த வேலைக்காக வைக்கப்பட்டனவோ அந்த வேலையை அவையே செய்யத் தொடங்கும். சக்கரத்திற்கும் ஓட்டுநருக்கும் இடையே இருக்கும் ஸ்பிரிங், நாம் விலை கொடுத்து வாங்கிப் பொருத்தியது மட்டுமன்று; வளைந்துகொடுக்கும் உடலும் ஒரு ஸ்பிரிங்தான், அதுவும் ஷாக் அப்சார்பர் இல்லாத ஸ்பிரிங். சமமான வலிமையுள்ள இரண்டு ஸ்பிரிங்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் கிடைப்பது பாதி வலிமையே என்பது பௌதிகத்தின் ஆரம்ப பாடம். ஆகவே, தளர்ந்த உடலில் விலையுயர்ந்த கெட்டி ஸ்பிரிங்கைப் போடுபவர், அந்தக் கெட்டித்தனத்தின் ஒரு பங்கை உடலை முறுக்குவதற்கே செலவிட்டுவிடுகிறார். முன்புறத்திலும் பின்புறத்திலும் ஆன்ட்டி ரோல் பாரை மாற்றி, திருப்பத்தில் வண்டியின் மூக்கு வெளியே ஒதுங்குகிறதா, வால் ஒதுங்குகிறதா என்பதைச் சரிசெய்ய முயலும்போதும் இதே கதைதான்: முன்னால் செய்த மாறுதலைப் பின்சக்கரம் அறிய வேண்டுமானால், செய்தியை எடுத்துச் செல்லும் நடுவுடல் அதை வழியில் விழுங்கிவிடாமல் இருக்க வேண்டும். இதனால்தான், எஞ்சினுக்குச் செலவிடுவதற்கு முன்னும், சஸ்பென்ஷனுக்குச் செலவிடுவதற்கு முன்னும் இதற்குச் செலவிடும்படி சொல்கிறேன். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்களே அதிகம் என்பதையும் அறிவேன். குதிரை சக்தியை நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளலாம், அடியில் ஒட்டிய குழாயை யார் குனிந்து பார்ப்பார்கள்?

உங்கள் கார் எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதலில் பரீட்சித்துக்கொள்ள வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, கதவுகளை மூடி, கதவுக்கும் பின் தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து குறித்துக்கொண்டு, முன் சட்டத்தின் ஒரு பக்கத்தில் ஜாக்கியை வைத்து அந்த மூலையை மட்டும் சக்கரம் தரையை விட்டு எழும்வரை தூக்குங்கள். இடைவெளி மேலே குறுகிக் கீழே விரிந்தாலோ, கதவைத் திறக்கும்போது அது பிடித்துக்கொண்டாலோ, உடல் எவ்வளவு கொடுக்கிறது என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். பக்கக் கண்ணாடியின் மூலையில் பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருப்பதும், பின் தகட்டில் கதவின் தலைக்கருகே மெல்லிய சுருக்கம் விழுந்திருப்பதும், நீண்ட நாள் நடந்து வந்த முறுக்கத்தின் அடையாளங்கள். இந்த அளவுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் ஒப்பிடுவதற்கு இவற்றைத் தவிர வேறு நம்பகமான சாட்சி இல்லை.

பிறகு துருவைத் தேட வேண்டும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹையோ போன்ற மாநிலங்களில் வாழ்ந்த கார்களில், பெயிண்ட் பளபளத்தாலும் சட்டங்கள் உள்ளே உளுத்துப்போயிருக்கக்கூடும். கூரிய ஸ்க்ரூடிரைவரால் முன் சட்டத்தின் வாலையும் பின் சட்டத்தின் தலையையும் ஆங்காங்கே குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால், இந்த அத்தியாயத்தை மூடிவிட்டுத் தகடு மாற்றும் வேலையை முதலில் முடிக்க வேண்டும். உளுத்த தகட்டில் உறுதியான குழாயைப் பற்றவைப்பதால் உளுத்த தகடு விரைவில் கிழியுமே தவிர வேறு பயன் விளையாது.

சந்தையில் கிடைக்கும் இணைப்புச் சட்டங்களைப் பொதுவாக மூன்று வகையாகக் காணலாம். போல்ட்டால் முடுக்குபவை முதல் வகை; வெல்டிங் இயந்திரம் இல்லாதவர்க்கு ஆசை காட்டுபவை. மெல்லிய தகட்டில் துளையிட்டு முடுக்கிய போல்ட், சில காலம் ஓடியபின் துளையைச் சிறிது சிறிதாகத் தின்று நீள்வட்டமாக்கி, அந்த மயிரிழை அசைவிலேயே முழுப் பயனையும் தொலைத்துவிடுகிறது. ஆகையால் அவற்றைத் தற்காலிக ஏற்பாடாகவே கருத வேண்டும். இரண்டாவது, சட்டத்தின் வாலையும் தலையையும் மட்டும் தொட்டு நடுவே அந்தரத்தில் ஓடும் குட்டையான சதுரக் குழாய். இது பற்றவைக்கப்படுமானால் வளைவை நன்றாகத் தடுக்கும். முறுக்கத்தை அவ்வளவாகத் தடுக்காது, ஏனெனில் ஒன்றையொன்று தொடாத இரண்டு இணைகோடுகள் முறுக்கத்தை எதிர்க்க வழியில்லை. மூன்றாவது, முன் சட்டத்தின் நெடுக ஒட்டி, நடுவில் இருக்கையின் போல்ட்டுகளோடு குறுக்குத் துண்டுகளால் பிணைந்து, பின் சட்டத்தின்மேல் நெடுந்தூரம் படியும் முழுநீளச் சட்டம். கலிபோர்னியாவின் மாக்ஸிமம் மோட்டார்ஸ்போர்ட்ஸ் போன்றவர்கள் விற்பது இந்த வகை. தரைத் தகட்டையும் இருக்கையையும் கூட்டணியில் சேர்த்துக்கொள்வதால் முறுக்கத்திற்கும் ஓரளவு பதில் சொல்லும் இதையே நான் சிபாரிசு செய்வேன். கன்வெர்ட்டிபிளின் அடியில் நிறுவனத்தாரின் வலுவூட்டல்கள் ஏற்கெனவே இருப்பதால், அதற்கென்று செய்யப்பட்டதைக் கேட்டு வாங்க வேண்டும்.

குழாயை வாங்கித் தாமே செய்துகொள்ள விரும்புகிறவர், தகட்டின் கனத்தைவிடக் குழாயின் வடிவத்தையே அதிகமாகக் கவனிக்கட்டும். 50 மில்லிமீட்டருக்கு 25 மில்லிமீட்டர் அளவும் இரண்டு மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரே குழாயை நிமிர்த்தி வைத்தால், படுக்கவைத்ததைப்போல மூன்று மடங்கு வளைவுறுதி கிடைக்கிறது. எடையிலோ விலையிலோ காலணா வித்தியாசம் இல்லை. மூடிய குழாய்க்கும் திறந்த வாய்க்காலுக்கும் உள்ள பேதம் இன்னும் விபரீதமானது: 50 மில்லிமீட்டர் சதுரக் குழாயை நெடுக ஒரு கீறல் கீறிவிட்டால், முறுக்கத்தை எதிர்க்கும் அதன் வலிமை நானூறில் ஒரு பங்குக்கும் குறைந்துபோகும். வழியில் எக்ஸாஸ்ட் இடிக்கிறது என்பதற்காகச் சட்டத்தின் ஒரு முகத்தை வெட்டித் திறந்து விடுபவர்கள், எத்தனை சிறிய வெட்டினால் எத்தனை பெரிய இழப்பை வாங்கிக்கொள்கிறார்கள் என்பதை அறியமாட்டார்கள். எடையைப் பற்றிக் கவலை வேண்டா. அத்தகைய சதுரக் குழாய் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் மீட்டருக்கு மூன்று கிலோதான்.

இனி இந்த வேலையின் உயிர்நாடிக்கு வருவோம். இணைப்புச் சட்டம், பற்றவைக்கும் கணத்தில் உடல் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்தை அப்படியே பிடித்து நிறுத்திவிடும். நேராக இருந்தால் நேராகவும், கோணலாக இருந்தால் கோணலாகவும். பட்டறைகளில் சாதாரணமாக உள்ள இரண்டு தூண் லிஃப்ட், காரை நடுப்பகுதியில் தாங்கி உயர்த்துகிறது. அப்போது எஞ்சினின் பாரத்தால் மூக்கும், பெட்ரோல் டேங்கும் ஆக்ஸிலும் தொங்குவதால் வாலும் கீழே சரிய, நடு மேலே எழும்புகிறது. தரையில் நிற்கும் கார் எந்தத் திசையில் வளைகிறதோ, அதற்கு நேர் எதிரான வளைவு இது. அந்நிலையில் பற்றவைத்துக் கீழே இறக்கினால், கதவுகள் முன்னைவிட மோசமாகப் பொருந்துவதும், அதற்குப் பிறகு எத்தனை சரிசெய்தாலும் அது தீராததும் ஆச்சரியமல்ல. ஆகவே கார் தன் பாரத்தைத் தன் சக்கரங்களின் மேலேயே சுமந்துகொண்டு நிற்க வேண்டும். சக்கரங்களின் அடியில் பாதை உள்ள நான்கு தூண் லிஃப்ட் இதற்கு உத்தமமானது. இல்லையெனில் நான்கு சக்கரங்களுக்கும் உறுதியான மேடை, அதுவும் இல்லையெனில் பின்புறம் ஆக்ஸில் குழாயின் அடியிலும் முன்புறம் கன்ட்ரோல் ஆர்முகளின் வெளிக்கோடியிலும் ஸ்டாண்டுகள். நான்கு முனைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பதற்குச் சோம்பக் கூடாது. ஒரு மூலை மட்டும் உயர்ந்திருந்தால் உடல் முறுக்கிய நிலையில் உறைந்துவிடும்.

பல ஆண்டு ஓடித் தொய்ந்த கன்வெர்ட்டிபிளில், கதவிடைவெளி ஏற்கெனவே மேலே குறுகியிருக்குமானால், கதவடிப் பெட்டியின் நடுவில் மரக்கட்டையும் ஜாக்கியும் வைத்து, இடைவெளி சீராகும் மட்டும் மெதுவாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு பற்றவைப்பது ஒரு யுக்தி. இதில் பேராசை கூடாது. சக்கரங்களின் பாரம் குறையத் தொடங்கியதென்றால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

நெருப்பைப் பற்றிய ஜாக்கிரதை அடுத்தது. இதைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. மெல்லிய தரைத் தகட்டின் ஒரு புறத்தில் வெல்டிங் நடக்கும்போது மறுபுறம் செந்நிறமாகப் பழுக்கிறது. அங்கே இருப்பது கார்பெட்டும், அதன் கீழே பஞ்சும், தாரும். இருக்கைகளைக் கழற்றி, கார்பெட்டையும் ஒலியடக்கும் பட்டைகளையும் முழுவதும் அகற்றி, தரையோரமாக ஓடும் ஒயர்களை மேலே தூக்கிக் கட்டிவிட வேண்டும். அடியில் செல்லும் பெட்ரோல் குழாயையும் பிரேக் குழாயையும் கைப்பிரேக் கேபிளையும் அவற்றின் பிடிகளிலிருந்து விடுவித்து ஒதுக்கி, ஈரத் துணியோ தீப்பொறி தாங்கும் கம்பளமோ போர்த்த வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது அவசியம். 1986-க்குப் பிறகு வந்த ஐந்து லிட்டர் கார்களில் எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர், முன் பயணியின் காலடிக்குப் பக்கத்துத் தகட்டின் பின்னால் இருப்பதால், அதன் இணைப்பையும் கழற்றிவிடுவது நல்லது. வெல்டிங்கின் எர்த் கிளாம்ப்பைப் பற்றவைக்கும் இடத்திற்குக் கையெட்டும் தூரத்திலேயே, சுத்தமாகத் தேய்த்த தகட்டில் மாட்டுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, காருக்குள் தண்ணீரும் தீயணைப்பானும் கையுமாக ஓர் ஆள் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் அரைமணி நேரமாவது யாராவது ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும்.

பற்றவைக்கும் இடங்களில் அடிப்பூச்சுத் தாரைச் சுரண்டி, கிரைண்டரால் தகடு வெள்ளியாக மின்னும்வரை தேய்க்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகடு எரியும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தவர்க்கு அன்றிரவே காய்ச்சல் வரக்கூடுமாதலால், காற்றோட்டத்தோடு முகமூடியும் தேவை. இந்த வேலைக்கு உகந்தது, 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் கம்பியும் ஆர்கான் கலந்த வாயுவும் கொண்ட மிக் வெல்டிங். சட்டத்தை இரு பக்கமும் பொருத்தி, இடைவெளியின்றித் தகட்டோடு படிந்திருக்கிறதா என்று பார்த்து, முதலில் டாக் மட்டும் வையுங்கள். உடனே கதவுகளைத் திறந்து மூடி, எழுதி வைத்த அளவுகளோடு ஒப்பிடுங்கள். டாக்கை வெட்டி எடுப்பது எளிது. முழு வெல்டிங்கைப் பிரிப்பது உயிர் போகும் வேலை. அளவுகள் மாறவில்லை என்று திருப்தி ஏற்பட்டபின், ஒரு தடவைக்கு 25 மில்லிமீட்டருக்கு மேற்படாமல், இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று, முன்னே ஒன்று பின்னே ஒன்று என்று மாறி மாறிப் பற்றவைத்து, சூடு ஆற நேரம் கொடுக்க வேண்டும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கித் தகட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. ஒரே பக்கத்தை ஒரே மூச்சில் முடிப்பவர் அந்த இழுப்பையெல்லாம் ஒரு திசையில் சேர்த்துக்கொள்கிறார். வெப்பத்தைக் கனமான குழாயின்மேல் காட்டி, உருகலை மெல்லிய தகட்டின்பால் தள்ளிச் செல்வது, துளை விழாமல் தப்பும் வழி.

கார் இவ்வாறு உயர்ந்து நிற்கும்போதே, பின் கன்ட்ரோல் ஆர்முகள் உடலோடு சேரும் டார்க் பாக்ஸ்களையும் விளக்குப் பிடித்துப் பார்த்துவிடுங்கள். நிற்கும் நிலையிலிருந்து கிளட்சைச் சட்டென்று விட்டுப் பாய்வதில் பிரியமுள்ளவர்களின் கார்களில், இங்கேதான் ஸ்பாட் வெல்டிங்குகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து தகடு கிழிகிறது. இணைப்புச் சட்டம் பூட்டிய பிறகு, முன்பு நடுவுடல் வளைந்து உறிஞ்சிக்கொண்ட அதிர்ச்சியில் ஒரு பகுதியும் அந்தப் பெட்டிகளுக்கே போய்ச் சேரும். ஆகவே கிழிசல் தொடங்கியிருந்தால் அதை மூடிப் பற்றவைத்து, வலுவூட்டும் தகட்டையும் அதே நாளில் சேர்த்துவிடுவதே விவேகம்.

மூட்டுகள் ஆறிய பிறகு பிரைமரும், மூட்டோரங்களில் சீலரும், மேலே பெயிண்டும் பூசி, குழாயின் உள்ளே மெழுகு தெளிக்க வேண்டும். தரையிலுள்ள நீர்வடி துளைகளை அடைத்துவிடக் கூடாது. சக்கரங்களின் கோணங்களை மறுபடி சரிபார்க்கக் கொடுங்கள். பந்தயத்தில் சேரும் எண்ணமுள்ளவர், தாம் சேரும் வகுப்பின் விதிகள் உடலை வலுப்படுத்துவதை அனுமதிக்கின்றனவா என்பதை வேலைக்கு முன்பே படித்திருக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் பெரிய அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டா. ரயில்வே கேட்டைக் கடக்கும்போது டாஷ்போர்டு முனகாதது, மேடு பள்ளத்தில் கண்ணாடியில் தெரியும் பின்காட்சி முன்போல் நடுங்காதது, இவையே கண்ணுக்குப் படும். ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்பியதற்கும் இடையே இருந்த ஒரு சிறு தயக்கம் குறைந்திருப்பது, பழகிய சாலையில்தான் புலனாகும். பழைய ஜாக்கிப் பரீட்சையை மீண்டும் செய்து பாருங்கள்: முன் மூலையை உயர்த்தும்போது அதே பக்கத்துப் பின் மூலையும் முன்னைவிடச் சீக்கிரம் கூடவே எழத் தொடங்கும். நன்றாகப் பற்றவைத்த முழுநீளச் சட்டத்தின் நடுவிலேயே ஜாக்கியை வைத்து ஒரு பக்கத்து இரு சக்கரங்களையும் ஒருங்கே தூக்கலாம் என்பது, டயர் மாற்றும் நாளில் தெரியவரும் உபரி லாபம். அப்போது ஜாக்கியின் தலைக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு ரப்பர் கட்டையை வைத்துக்கொண்டால், பூசிய பெயிண்ட் உரியாமலும் அங்கே துரு பிடிக்காமலும் இருக்கும்.